நிற்கும் வண்டியும் உருளும் வண்டியும்

வடபழனி சிக்னலில் சிவப்பு விழுந்தபோது கவுண்டவுன் 90 காட்டியது. சித்தப்பா தன் புது காரை நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் தானாக அணைந்தது. “ஐயோ, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?” என்று பின்சீட்டிலிருந்து சித்தி பதறினார். பத்திருபது விநாடியில் ஏசி காற்றின் குளிர்ச்சி குறைந்தது. அடுத்த சில விநாடிகளில் எஞ்சின் தானே உயிர் பெற்றது. சித்தப்பா டாஷ்போர்டில் வட்ட அம்புக்குறி போட்ட ஒரு பொத்தானை அமுக்கினார். “வண்டி எடுத்ததும் முதல் வேலையா இதை ஆஃப் பண்ணிடுவேன். இன்னைக்கு மறந்துட்டேன். சர்வீஸ்ல சொன்னாங்க, இது பேட்டரியைத் தின்னுடுமாம்.”

அந்தப் பொத்தானை அமுக்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் இந்த வசதி தானாக விழித்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு முறையும் அமுக்குகிறார்கள். கார் நிற்கும்போது எஞ்சினை அணைத்துக் கிளப்பும் ‘ஸ்டார்ட்-ஸ்டாப்’, ஓடும்போதே எஞ்சினைக் கழற்றிவிட்டு வண்டியை உருளவிடும் ‘கோஸ்டிங்’ ஆகிய இரண்டும் உண்மையில் எவ்வளவு எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன, வண்டிக்குக் கெடுதல் உண்டா, நம் வெயிலுக்கும் நம் சாலைக்கும் ஒத்துவருமா என்று பார்ப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு. ஒரு சிறிய பெட்ரோல் கார் நின்ற இடத்தில் ஐடிலிங்கில் ஓடினால் மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 10 மில்லி. குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கில் ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். ஏசி ஓடினால் இன்னும் கூடும். தினமும் அலுவலகம் போய்வர 20 நிமிடம் சிக்னல்களில் நிற்கும் ஒருவர், ஆண்டில் 300 நாளைக்கு 60 லிட்டர் பெட்ரோலை ஒரு அடிகூட நகராமலே எரிக்கிறார். ரூபாயில் 6,000. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆக, 140 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. ஒரே ஒருவருடைய காரின் கணக்கு இது.

சரி, அணைத்துக் கிளப்புவதற்கும் பெட்ரோல் செலவாகுமே? கார்புரேட்டர் காலத்தில் அந்தச் செலவு பெரிது. ‘சோக்’ இழுத்து, ஆக்சிலேட்டரை இரண்டு மிதி மிதித்துக் கிளப்பிய தலைமுறைக்கு, அடிக்கடி அணைப்பது நஷ்டம் என்று மனதில் பதிந்துபோனதில் தப்பில்லை. எரிபொருள் உட்செலுத்தும் இன்றைய எஞ்சின், சூடாக இருக்கும்போது, மிகக் கொஞ்சம் பெட்ரோலில் கிளம்பிவிடுகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை மக்களுக்குச் சொல்லும் அளவு 10 விநாடி. அதற்கு மேல் நிற்கப்போகிறீர்கள் என்றால் அணைப்பதே லாபம்.

இந்த யோசனை புதிதல்ல. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடியபோது உலகமே மைலேஜைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. 1970களின் நடுவில் டொயோட்டா தன் க்ரவுன் காரில், வண்டி நின்ற ஒன்றரை விநாடியில் எஞ்சினை அணைக்கும் ஒரு கருவியைப் பொருத்திப் பார்த்தது. டோக்கியோ நெரிசலில் 10 சதவீதம் மிச்சமானது என்றது நிறுவனம். 1980களில் ஃபோக்ஸ்வாகன் போலோ ‘ஃபார்மெல் ஈ’, ஃபியட் ‘ரெகாட்டா’ இரண்டும் இதைக் கடைக்குக் கொண்டுவந்தன. 1990களில் ஃபோக்ஸ்வாகன் ஒருபடி மேலே போய், ‘கோல்ஃப் எகோமாட்டிக்’ என்ற டீசல் காரில், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே எஞ்சினை அணைத்து வண்டியை உருளவிட்டது. நாம் இன்று புதுமை என்று பேசும் இரண்டு வசதிகளும் அந்த ஒரே காரில் இருந்தன. எதையும் மக்கள் பெரிதாக வாங்கவில்லை. ஓடும் வண்டியில் எஞ்சின் சத்தம் நின்றுபோனால் வயிற்றைப் பிசைகிறது. அந்த அச்சம் நாடு, மொழி பார்ப்பதில்லை. என் சித்தி பதறியதும் அதே பதற்றம்தான்.

பிறகு இது எப்படி எல்லாக் காரிலும் நுழைந்தது? 2004இல் சிட்ரோயன் சி3, 2007இல் பி.எம்.டபிள்யூ., 2009இல் மாஸ்டா என்று நுட்பம் மெருகேறிக்கொண்டே வந்தது. மாஸ்டாவின் முறை அழகானது. பிஸ்டன்களைச் சரியான இடத்தில் நிறுத்தி, சிலிண்டருக்குள்ளேயே எரிபொருளைத் தெளித்துப் பற்றவைத்து, 0.35 விநாடியில் எஞ்சினை எழுப்பிவிடும். ஆனால் கதவை அகலத் திறந்துவிட்டது சட்டம்தான். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம், புதுக் கார்களின் சராசரி கரியமில வாயு வெளியீடு கிலோமீட்டருக்கு 130 கிராம் என்ற இலக்கை வைத்தது. அதை அளந்த விதத்தில்தான் விஷயமே இருக்கிறது.

அப்போதைய ஐரோப்பியச் சோதனை 1,180 விநாடி, சுமார் 11 கிலோமீட்டர். காரை உருளைகளின் மேல் ஏற்றி, வரைந்து வைத்த வேகக் கோட்டின்படி ஓட்டுவார்கள். அந்த நேரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கார் சும்மா நின்றுகொண்டிருக்கும். நிற்கும்போது எஞ்சினை அணைக்கும் கருவிக்கு இதைவிட நல்ல தேர்வுத்தாள் கிடைக்காது. இந்தியாவில் மைலேஜ் அளக்கும் நம் முறையும் அதன் தம்பிதான்: நகரப் பகுதி அப்படியே, நெடுஞ்சாலைப் பகுதியில் மட்டும் உச்ச வேகம் 90 கிலோமீட்டர். ஐரோப்பா பின்னர் மாறிக்கொண்ட புதிய சோதனையில் 1,800 விநாடி, 23 கிலோமீட்டர். நிற்கும் நேரம் சுமார் 13 சதவீதம். கருவி அதேதான், தாளில் தெரியும் லாபம் சுருங்கிவிட்டது. அதன் எதிரொலியோ என்னவோ, 2020இல் வந்த டொயோட்டா யாரிஸின் சாதாரணப் பெட்ரோல் மாடலில் ஜப்பானில் இந்த வசதியே வைக்கப்படவில்லை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்குள்ள சோதனையில் இதன் பலன் முழுதாகத் தெரியவில்லை என்று நிறுவனங்களுக்குத் தனிச் சலுகை மதிப்பெண் கொடுத்தார்கள், கார்கள் குவிந்தன. 2025இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டினே இந்த வசதியை எல்லோரும் வெறுக்கிறார்கள் என்று சொல்லி, சலுகைக்கு முடிவுகட்டப்போவதாக அறிவித்தார். வெறுக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2014இல் சோதித்துப் பார்த்தபோது 5 முதல் 7 சதவீதம் எரிபொருள் மிச்சமானது. பிடிக்காத ஒன்று பயனற்றது ஆகிவிடாது.

இனி சித்தப்பாவின் பேட்டரிக்கு வருவோம். சர்வீஸில் அவரிடம் சொன்னது பாதி உண்மை. சாதாரண பேட்டரி ஒரே ஒரு பெரிய வேலைக்காகச் செய்யப்பட்டது: காலையில் ஒருமுறை எஞ்சினை எழுப்புவது. நாளைக்கு 40 முறை எழுப்பச் சொன்னால், அதுவும் இடையில் எஞ்சின் அணைந்திருக்க விளக்கு, மின்விசிறி, பாட்டு என எல்லாவற்றையும் சுமக்கச் சொன்னால், அது சீக்கிரம் படுத்துவிடும். அதனால்தான் இந்தக் கார்களில் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். என்ற வகை பேட்டரி வைக்கிறார்கள். முதலாவது, தகடுகள் வலுப்படுத்தப்பட்ட திரவ பேட்டரி. இரண்டாவதில் அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும். இவை அடிக்கடி இறங்கி ஏறுவதைத் தாங்கும். விலை சில ஆயிரம் கூடுதல். பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்றால், மூன்று நான்கு வருடம் கழித்து பேட்டரி மாற்றும்போது, “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று சாதாரண பேட்டரியை மாட்டிவிடும் கடையில். பிறகு அது ஒரே வருடத்தில் போகும். பழி ஸ்டார்ட்-ஸ்டாப் மேல் விழும். இந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் பழைய பேட்டரியின் மேல் இருக்கும் எழுத்துகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே வகையைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டார்ட்டர் மோட்டார் தேய்ந்துவிடுமே என்பது அடுத்த கேள்வி. பழைய ஸ்டார்ட்டர் சில பத்தாயிரம் முறை கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. இந்தக் கார்களில் வருவது அதன் பல மடங்கைத் தாங்கும். இரண்டு மூன்று லட்சம் முறை என்பது தயாரிப்பாளர்கள் வைக்கும் இலக்கு. சில கார்களில் தனி ஸ்டார்ட்டருக்குப் பதில், ஆல்டர்னேட்டரே பெல்ட் வழியாக எஞ்சினைச் சுழற்றி எழுப்பும். கரகரவென்ற சத்தமே இருக்காது.

உண்மையில் கவனிக்க வேண்டியது எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கும் பேரிங். கிராங்க் தண்டு சுழலும்போது ஆயிலின் மெல்லிய படலத்தின் மேல் மிதக்கிறது. உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. எஞ்சின் நின்றதும் தண்டு மெல்ல இறங்கிப் பேரிங்கின் மேல் உட்காரும். மறுபடி கிளம்பும் முதல் நொடியில் உரசும். தேய்மானம் நடக்கும் நொடி அது. ஒரு காரின் வாழ்நாளில் அந்த நொடிகள் பல மடங்காகும் என்று தெரிந்துதான், பாலிமர் பூச்சு பூசிய பேரிங்குகளைக் கொண்டுவந்தார்கள். ஆகவே இந்த வசதியோடு பிறந்த காருக்கு இது கெடுதல் இல்லை. தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் இதன் உண்மையான எதிரி வெயில். சித்திரை மாத மதியத்தில் நிறுத்திவைத்த காரைக் கிளப்பி ஏசி போட்டால், உள்ளே குளிரும்வரை கணினி எஞ்சினை அணைக்கவே விடாது. பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரசரைச் சுழற்றுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் வெறும் விசிறிக் காற்று. பேட்டரியில் சார்ஜ் குறைவு, எஞ்சின் இன்னும் சூடேறவில்லை, சீட் பெல்ட் போடவில்லை, சரிவில் நிற்கிறது என்று இன்னும் பல காரணங்களுக்காகவும் கணினி மறுக்கும். ஐரோப்பியக் குளிருக்கு எழுதிய லாபக் கணக்கை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாததற்கு இதுவே காரணம். மார்கழியில் நன்றாக வேலை செய்யும், வைகாசியில் பெயருக்குத்தான் இருக்கும். முன்பு சொன்ன 6,000 ரூபாயில் பாதி கைக்கு வந்தாலே நல்லது என்பது என் மதிப்பீடு.

மழைக்காலத்துக்கு ஒரு விதிவிலக்கும் சொல்ல வேண்டும். சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது அந்தப் பொத்தானை அமுக்கி வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். சைலன்சர் முங்கும் தண்ணீரில் எஞ்சின் தானாக அணைந்து தானாகக் கிளம்புவது ஆபத்து. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் செலவு பேட்டரியோடு நிற்காது.

வெயிலுக்கு அடுத்த எதிரி நம் இடது கால். கையால் கியர் மாற்றும் காரில், நியூட்ரலுக்கு வந்து கிளட்சை முழுதாக விட்டால்தான் எஞ்சின் அணையும். நம்மில் பெரும்பாலோர் 90 விநாடி சிக்னலிலும் கிளட்சை மிதித்தபடி முதல் கியரில் நிற்கிறோம். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்களே என்ற பயம். பக்கத்துக் காரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஓட்டுநரின் இடது முழங்கால் மடங்கி விறைத்திருக்கும். அந்தக் காரில் எத்தனை விலையுயர்ந்த கருவி இருந்தாலும் ஒரு சொட்டு மிச்சமாகாது. கிளட்ச் பேரிங்தான் தேயும். இந்த வசதி காரோடு நிற்கவில்லை: 2014இல் ஹீரோ நிறுவனம் ‘ஸ்ப்ளெண்டர் ஐஸ்மார்ட்’ பைக்கிலும், 2019இல் ஹோண்டா ‘ஆக்டிவா 125’ ஸ்கூட்டரிலும் இதே வசதியைக் கொண்டுவந்தன. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்தக் கால் சிக்கல் கிடையாது, ஏசியும் கிடையாது. நம் சாலைக்கு மிகப் பொருத்தமான ஸ்டார்ட்-ஸ்டாப் ஸ்கூட்டரில் இருப்பதுதான் என்பேன்.

இப்போது உருளும் வண்டி. இதில் நம் மக்களுக்குப் பெரிய அனுபவம் உண்டு. மேம்பாலத்தின் உச்சியில் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, கீழே வரை சத்தமில்லாமல் இறங்கும் மொபெட்காரர்களைப் பார்க்காதவர் யார்? மலையிறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது பல டிரைவர்கள் இன்றும் நம்பும் பாடம்.

இந்தப் பாடம் பழசாகிவிட்டது. கூடவே உயிருக்கும் உலை வைக்கக்கூடியது. கார்புரேட்டர் எஞ்சினில் கியரில் இறங்கினாலும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். இன்றைய எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கணினி இன்ஜெக்டர்களை மூடிவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்; எரிபொருள் செலவு பூஜ்யம். சுழற்சி ஐடிலிங் வேகத்தை நெருங்கும்போதுதான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் அணையாமல் இருக்க மணிக்கு அந்த 0.6 லிட்டரைக் குடித்தே தீரும். ஆக, செங்குத்தான இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர் எரிபொருளையும் செலவழித்து, எஞ்சின் பிடித்துக்கொடுக்கும் பிரேக்கையும் இழக்கிறார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது காய்ந்து பிடிப்பை இழக்கும். எஞ்சினையே அணைத்தால் இன்னும் மோசம். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங் கனக்கும். சாவியை எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளவும் செய்யும். பஸ், லாரிகளில் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர் எஞ்சினில் ஓடுவது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

அப்படியென்றால் நிறுவனங்கள் ஏன் கோடிகள் கொட்டிக் கோஸ்டிங் வசதி செய்கின்றன? சமதளச் சாலைக்காக. மென்மையாக நீளும் நெடுஞ்சாலையில் கியரில் காலை எடுத்தால் எரிபொருள் பூஜ்யம்தான், ஆனால் எஞ்சின் வண்டியைப் பின்னால் இழுக்கிறது. சீக்கிரம் வேகம் செத்துவிடும், மறுபடி மிதிக்க வேண்டும். கழற்றிவிட்டால் வெகுதூரம் உருளும், ஆனால் ஐடிலிங் செலவு. உருளும்போதே எஞ்சினையும் அணைத்தால் இரண்டு லாபமும் கிடைக்கும். போர்ஷே, ஃபோக்ஸ்வாகன் கார்களின் தானியங்கி கியர்பெட்டிகள் முதலில் எஞ்சினை ஐடிலிங்கில் வைத்து உருளவிட்டன. 2017இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் ஒரு பெட்ரோல் மாடல், மணிக்கு 130 கிலோமீட்டர் வரை எஞ்சினை முழுதாக அணைத்தே உருளத் தொடங்கியது. பிரேக்கும் ஸ்டீயரிங்கும் விளக்கும் தடுமாறாமலிருக்க இரண்டாவதாக ஒரு லித்தியம் பேட்டரி. நூறு கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர் வரை மிச்சம் என்றது நிறுவனம். அதே ஆண்டு வந்த ஆடி ஏ8, 48 வோல்ட் மின்னமைப்போடு, 55 முதல் 160 கிலோமீட்டர் வேகத்துக்குள் 40 விநாடி வரை இப்படி உருளும்.

ஆனால் சோதனைக் கூடத்தில் கோஸ்டிங்குக்கு மதிப்பெண் கிடைக்காது. அங்கே ஓட்டுபவர் வரைந்த வேகக் கோட்டை விட்டு விலகக் கூடாது. கோட்டில் வேகமாக இறங்கச் சொன்னால் இறங்கியே ஆக வேண்டும், உருளவிட இடமில்லை. அதனால் 2015இல் போர்ஷே, இதைத் தனிக் கண்டுபிடிப்பாகக் கருதி மதிப்பெண் தரும்படி ஐரோப்பிய ஆணையத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நிற்கும் காருக்குச் சோதனையில் தாராளம், உருளும் காருக்குக் கஞ்சத்தனம். எது எல்லாக் காருக்கும் வந்தது, எது விலை உயர்ந்த காரோடு நின்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாலையில் கணக்கு வேறு. 1,100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1.5 லட்சம் ஜூல். எஞ்சினின் செயல்திறன் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தை உண்டாக்க மட்டும் 19 மில்லி பெட்ரோல் எரிந்திருக்கும். பிரேக் மிதித்து நிறுத்தும்போது அத்தனையும் சக்கரத்தடியில் சூடாகிப் போய்விடுகிறது. அதாவது, 60இலிருந்து ஒருமுறை சடாரென்று நிறுத்துவது, சிக்னலில் எஞ்சினை ஓடவிட்டு இரண்டு நிமிடம் நிற்பதற்குச் சமம்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், சிவப்பு தெரிந்தும் விரட்டிக்கொண்டு போய் பிரேக் அடிப்பதை நான் நிறுத்தினேன்.

பிரேக்கில் வீணாவதைப் பிடித்து மின்சாரமாக்குவதுதான் ஹைப்ரிட்டின் வேலை. 2015இல் மாருதி சியாஸில் வந்த சிறிய ஹைப்ரிட் அமைப்பு, ஸ்டார்ட்-ஸ்டாப்போடு இதையும் கொஞ்சம் செய்தது. 2017 ஏப்ரலில் மத்திய அரசு அந்த வகைக்கு மானியத்தை நிறுத்தியது. 2022இல் வந்த கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற முழு ஹைப்ரிட்கள், நிற்கும்போதும் உருளும்போதும் எஞ்சினை அணைக்கின்றன. ஏசி மின்சாரத்தில் ஓடுவதால் வெயிலிலும் அணைந்தே இருக்க முடிகிறது. நம் ஊருக்கு ஏற்ற விடை அதுதான், ஆனால் விலை எல்லோருக்கும் எட்டாது.

2020இல் டெல்லி அரசு, சிவப்பு விளக்கில் வண்டியை அணையுங்கள் என்று பிரசாரம் செய்தது. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் நிறுத்திவைத்த வண்டியில் எஞ்சினை ஓடவிட்டால் அபராதம். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சித்தப்பாவிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். தண்ணீர் தேங்கிய சாலையில் தவிர, அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். தூரத்தில் சிவப்பு தெரிந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். கியரிலேயே உருண்டு போங்கள். நின்ற பிறகு கவுண்டவுன் பத்துக்கு மேல் காட்டினால் நியூட்ரலுக்கு வந்து, இடது காலைக் கிளட்சிலிருந்து எடுத்துவிடுங்கள்.